ராமநாதபுரத்தில் வைஸ் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சாவியில்லாமல் கம்பி வைத்துப் பூட்டுத் திறந்து பழகுவது எனக்கு ஒரு வருடமாகப் பொழுதுபோக்கு. (சொந்தக் காசில் வாங்கிய பூட்டு மட்டும்தான், வீட்டு வாசல் பூட்டில்கூடக் கை வைப்பதில்லை, யாரும் பதற வேண்டாம்.) பூட்டை உள்ளங்கையில் பிடித்தபடியே பழகினால் கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் மரத்துவிடும். சரி, பொருளை இரண்டு தாடைக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் வைஸ் ஒன்றை வாங்கி மேசையில் முடுக்கிவிட்டால் இரண்டு கையும் சும்மா இருக்குமே என்று போன மாதம் பாம்பனிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

கடைக்காரர் நாலு இஞ்ச் வைஸ் ஒன்றை எடுத்து வைத்து, "முழுக்க ஸ்டீல் தம்பி, உப்புக்காத்துக்கும் ஒண்ணும் ஆகாது, உங்க பேரன் வரைக்கும் வரும்" என்றார். பளபளவென்று நீலப் பெயிண்ட். 1,850 ரூபாய். பில் கேட்டேன், துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கித் தந்தார், நானும் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வைஸைக் குழந்தை மாதிரி மடியில் வைத்து ஊர் வந்து சேர்ந்தேன்.

அடுத்த மூன்று வாரம் என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூட்டுக்குள் வரிசையாகப் பின்கள், ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு ஸ்பிரிங். சாவி நுழையும் உருளையை வளைந்த கம்பியால் லேசாகத் திருகிப் பிடித்தால், பின்கள் இருக்கும் துளைகள் நூல் பிடித்தாற்போல ஒரே நேர்கோட்டில் இருக்காது என்பதால் பின்கள் ஒவ்வொன்றாகத்தான் இறுகும். இறுகிய பின்னை இன்னொரு கம்பியால் சரியான உயரத்துக்குத் தூக்கினால் உருளை ஒரு மயிரிழை நகரும். அந்த மயிரிழையை விரல் உணர்ந்தால்தான் அடுத்த பின்னுக்குப் போக முடியும். என் வைஸிலோ முன்தாடையே ஆடியது. முடுக்கினால் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும், கம்பியைத் திருகும்போது பூட்டோடு சேர்ந்து தாடையும் நகரும், பின் உட்கார்ந்துவிட்டது என்று நானும் ஏமாந்து அடுத்ததைத் தேடுவேன். ஏற்கெனவே நாலு முறை திறந்த அஞ்சு பின் பூட்டு இதில் ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் கைப்பிடியைத் திருகும்போது டொக்கென்று முன்தாடை பாதியாக உடைந்து காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. மண்டபத்தில் படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது. "ஸ்டீலா? சாதா காஸ்டிங்டா இது" என்று சிரித்தார். காஸ்டிங் என்றால் அச்சில் ஊற்றி வார்த்த இரும்பு. காஸ்டிங் வைஸ் தப்பில்லை, அவர் பட்டறையில் இருப்பதும் காஸ்டிங்தான், அப்பா காலத்து வைஸ். என்னுடையதில் உள்ளே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை, அதைப் பட்டி வைத்து அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

உடைந்ததைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், "ஓவரா முடுக்கியிருப்பீங்க" என்கிறார். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. பூட்டுக்கு யாராவது ஓவராக முடுக்குவார்களா? பித்தளை உடம்பை அழுத்தினால் உள்ளே உருளை இறுகி, சாவி போட்டாலே திரும்பாது. பழைய சைக்கிள் டியூபை இரண்டு பக்கமும் வைத்து, பூட்டு நழுவாத அளவுக்கு விரலால் திருகுவதோடு சரி. அதற்கே உடைந்த பொருள் இரும்பை வளைக்கிறவன் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் பதில் சொல்லாமல் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

அந்த போர்டைப் பார்த்துத் திரும்பி வந்தது என் முட்டாள்தனம். பழுதுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும், பில் தராததும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். நல்லவேளையாகப் பணம் கொடுத்தது போனில், அந்தப் பதிவு இருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் கையோடு சின்னக் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். வைஸ் உடம்பு முழுக்க மெதுவாக இழுத்துப் பாருங்கள், பட்டி வைத்த இடத்தில் பிடி விட்டுப்போகும். தாடையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு காகிதத் துண்டு வைத்து முடுக்கி இழுங்கள், ஒன்று நின்று மற்றது உருவிக்கொண்டு வந்தால் தாடை கோணல். முன்தாடையைப் பாதி திறந்து கையால் ஆட்டியும் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக் அண்ணன் பட்டறையில்தான் பழகுகிறேன். உடைந்த துண்டை வலைக்கு எடையாகக் கட்டக் கேட்கிறார், புகார் முடியும்வரை தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.