ஸ்பொட்டட், போல், குட்டை ரெட்டிக்: எதை வாங்கலாம்?

லண்டனில் இருக்கும் தங்கச்சியின் மகள் போன கிழமை கேட்டாள்: "மாமா, பாம்பு ஒன்று வளர்க்கப் போறன். பெரிசா வளரக்கூடாது. எதை வாங்கட்டும்?" அவள் பட்டியலில் மூன்று மலைப்பாம்புகள் இருந்தன: ஸ்பொட்டட் பைத்தன், போல் பைத்தன், குட்டை ரெட்டிக் (ரெட்டிகுலேட்டட் பைத்தனின் சின்ன வகை).

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. இங்கே நம் வெங்கிணாந்தி (இலங்கை மலைப்பாம்பு) சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, பிடித்து வீட்டில் வைத்திருக்க முடியாது. பார்க்க ஆசை வந்தால் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போவேன். ஆனால் அக்கா மகன் மெல்பேர்னில் ஸ்பொட்டட் பைத்தன் வளர்க்கிறான். சித்தி மகன் ரொறன்ரோவில் போல் பைத்தன் வைத்திருக்கிறான். அவுஸ்திரேலியாவில் உள்நாட்டுப் பாம்புகளை மட்டும்தான், அதுவும் அனுமதிப்பத்திரத்தோடுதான் வளர்க்கலாம். ஆகவே அக்கா மகனுக்குத் தெரிவு குறைவு. லண்டன்காரிக்கு அந்தக் கட்டு இல்லை, அதனால்தான் குழப்பம்.

சாப்பாட்டில் தொடங்குவோம். போன வருடம் ஆறு வாரம் மெல்பேர்னில் நின்றபோது அக்கா மகன் ஒரு ஸ்பொட்டட் குட்டியை அப்போதுதான் கொண்டுவந்திருந்தான். பென்சில் தடிப்புக்கூட இல்லை, எடை எட்டு கிராம். ரோமம் முளைக்காத எலிக்குஞ்சை இடுக்கியில் பிடித்து நீட்டினால் தலையைத் திருப்பிக்கொள்ளும். மூன்று முறை அப்படி. இந்த இனத்துக் குட்டிகள் காட்டில் முதலில் பிடிப்பது சின்னப் பல்லிகளையும் அரணைகளையும்தான். எலி வாசம் அவற்றுக்கு உணவாகத் தெரிவதில்லை. நாலாவது தடவை, பல்லி வளர்க்கும் நண்பனிடம் வாங்கிவந்த உரித்த தோல் துண்டொன்றை ஈரமாக்கி எலிக்குஞ்சின் மூக்கில் தேய்த்தான். பெட்டிக்குள் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, இருவரும் மூச்சுக் காட்டாமல் தரையில் இருந்தோம். நாக்கு இரண்டு தரம் வெளியே வந்தது. அப்புறம் ஒரே பாய்ச்சல். அந்தச் சின்ன உடம்பு எலிக்குஞ்சைச் சுற்றி மூன்று சுருள் போட்டதை இன்றைக்கும் மறக்கவில்லை. வீட்டுச் சுவரில் பல்லி கத்தும்போதெல்லாம் அது ஞாபகம் வரும்.

இப்படித் தொடங்கிவிட்டால் ஸ்பொட்டட் பிறகு சாப்பாட்டில் பின்வாங்குவது அரிது. கை நீட்டினாலே இரை என்று கடிக்க வரும். கொக்கியால் மெல்லத் தொட்டு, இது சாப்பாட்டு நேரம் இல்லை என்று பழக்க வேண்டும். அவ்வளவுதான்.

போல் பைத்தன் நேர் எதிர். குட்டி பொரிக்கும்போதே அறுபது எழுபது கிராம் இருக்கும், ஆரம்பம் பெரும்பாலும் சுலபம். வளர்ந்த பிறகுதான் வளர்ப்பவரின் நித்திரையைக் கெடுக்கும். "அண்ணா, மூன்று மாசமா ஒன்றும் சாப்பிடேல்லை, செத்துப்போடுமோ?" என்று சித்தி மகன் பதறிப்போய் அழைத்தான். எடை கேட்டேன். பட்டினி தொடங்கும்போது 1250 கிராம், அன்றைக்கு 1215. மூன்று மாதத்தில் முப்பத்தைந்து கிராம் இழந்த பாம்பு சாகப்போவதில்லை. இளவேனிலில் தானாகச் சாப்பிட்டது. குளிர்காலத்தில், குறிப்பாக இனச்சேர்க்கைப் பருவத்தில், ஆண் போல் பைத்தன் மாதக்கணக்கில் இரை தொடாமல் இருப்பது சாதாரணம். பெட்டியின் சூடான பக்கம் 32 பாகை, மற்றப் பக்கம் 26, உடல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு இறுக்கமான மறைவிடம் இரண்டு, இவை சரியென்றால் காத்திருக்கலாம். (நம் கொழும்பு வெக்கையைத்தான் அவர்கள் காசு கொடுத்து ஒரு பெட்டிக்குள் உண்டாக்குகிறார்கள்.)

ரெட்டிக் எதையும் எப்போதும் சாப்பிடும். அதன் வில்லங்கம் வளர்ச்சியில்தான் இருக்கிறது.

சாதாரண ரெட்டிக் ஆறு மீட்டரைத் தாண்டக்கூடியது. இந்தோனேசியாவில் சுலவேசிக்குத் தெற்கே தானாஜாம்பேயா போன்ற சின்னத் தீவுகளில் உள்ளவை குட்டையானவை; 2002இல் தானாஜாம்பேயாவில் உள்ளவற்றைத் தனித் துணையினமாக விவரித்தார்கள். குட்டை என்றாலும் ஜாம்பேயா பெண் இரண்டரை, மூன்று மீட்டர்வரை போகலாம். அதைவிடச் சின்னத் தீவுக்காரர்களை 'சுப்பர் டுவார்ஃப்' (மிகக் குட்டை) என்று விற்கிறார்கள். ஆனால் வாங்க ஆசைப்படும் அழகான நிறங்கள் பல பெரிய ரெட்டிக்குகளிடமிருந்து வந்தவை. நிறத்தைக் கொண்டுவரப் பெரியதோடு கலக்கிறார்கள், பிறகு குட்டை இரத்தத்தைத் திரும்பச் சேர்க்கிறார்கள். "50 சதவீதம் சுப்பர் டுவார்ஃப்" என்பது வம்சக் கணக்கு, பாம்பின் நீளத்துக்கு உத்தரவாதம் அல்ல. உடல் அளவைத் தீர்மானிப்பது ஒரு மரபணு அல்ல, பல. ஒரே ஈட்டுச் சகோதரங்களே வேறு வேறு அளவில் வளரும். அதோடு அள்ளிக் கொடுத்தால் இன்னும் பெருக்கும், அரைப்பட்டினி போட்டுக் குட்டையாக வைத்திருப்பதோ கொடுமை. ஆகவே தங்கச்சி மகளுக்கு ரெட்டிக் வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஸ்பொட்டட் ஒரு மீட்டர் அளவில் நின்றுவிடும். போல் ஒன்று, ஒன்றரை மீட்டர், பெண் கொஞ்சம் தடிப்பு.

நிறம் என்று வந்தால் போல் பைத்தனோடு மற்ற இரண்டும் போட்டி போட முடியாது. சிறைவளர்ப்பில் அல்பினோ (கறுப்பு நிறமி இல்லாத) போல் பைத்தன் மரபுவழி நிரூபிக்கப்பட்டது 1992இல். அதன் பிறகு வந்த நிற வகைகளையும் சேர்க்கைகளையும் எண்ணி முடியாது. நான் கரும்பலகையில் பட்டாணிச் செடியை வைத்துப் படிப்பிக்கிற அதே மெண்டல் கணக்குத்தான் இங்கேயும். அல்பினோ பின்னடைவான இயல்பு, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் வெளியே தெரியும். அதைத் தாங்கி நிற்கும், ஆனால் வெளியே சாதாரணமாகத் தெரியும் பாம்பை 'ஹெட்' என்பார்கள். இரண்டு ஹெட்டுகளைச் சேர்த்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு அல்பினோவுக்கு. சாதாரண நிறத்தில் பிறப்பவற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஹெட்டாக இருக்கும்; எது என்று கண்ணால் சொல்ல முடியாது. விளம்பரத்தில் "66 சதவீதம் ஹெட்" என்று வருவது இதுதான். அந்த எண்ணுக்காக இரட்டிப்பு விலை கொடுப்பவர் மூன்றில் ஒரு தடவை ஏமாறலாம் என்று தெரிந்தே கொடுக்க வேண்டும்.

2022இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. வளர்ப்பவர்கள் அனுப்பிய, பாம்பு கழற்றிய சட்டைகளிலிருந்தே டி.என்.ஏ. எடுத்து, போல் பைத்தன் அல்பினோவுக்குக் காரணம் டைரோசினேஸ் என்னும், கறுப்பு நிறமி உண்டாக்கும் நொதிக்கான மரபணுவின் மாற்றம் என்று காட்டினார்கள். மனிதரில் ஒரு வகை அல்பினிசத்துக்கும் அதே மரபணுதான்.

ஆனால் 'ஸ்பைடர்' நிறத்தை நான் மன்னிக்க மாட்டேன். மெல்லிய கறுப்புக் கோடுகளோடு பார்க்க அழகு. அந்த மரபணு வந்த பாம்புக்குத் தலை ஆடும், சில தலைகீழாய்த் திருகிக்கொள்ளும், இரையைக் குறி தவறிக் கொத்தும். உட்காதின் சமநிலை உறுப்புகளே கோணலாக உருவாகியிருப்பதை, அதே 2022இல் வந்த இன்னோர் ஆய்வு ஸ்கேன் எடுத்துக் காட்டியது. நிறத்தையும் அந்தக் குறையையும் பிரித்து வளர்க்க யாராலும் முடியவில்லை. தெரிந்துகொண்டே அதை இனப்பெருக்குவது பிழை.

ஸ்பொட்டட்டில் நிற வகைகள் சொற்பம். மண்ணிறத்தில் கபிலப் புள்ளிகள், அவ்வளவுதான். ஆனால் சட்டை கழற்றிய அடுத்த நாள் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், செதில்களில் எண்ணெய் பட்ட தண்ணீர் போல வானவில் ஓடும். எனக்கு அது போதும்.

தங்கச்சி மகளுக்கு நான் சொன்னது ஸ்பொட்டட். உறையவைத்து உருக்கிய எலிக்குஞ்சைத் தானாகவே ஐந்தாறு தடவை சாப்பிட்ட குட்டியைத்தான் எடு, திகதி குறித்த சாப்பாட்டுக் கணக்கைக் கேள், முடிந்தால் கண்முன்னே சாப்பிடுவதைப் பார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கிழமை தொடாதே. கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றும் வாங்கி, ஞாயிறுதோறும் எடையை எழுதி எனக்கு அனுப்பு என்றேன்.