செப்டிக் டேங்க் பராமரிப்பு: பவுடரா, லாரியா?

செப்டிக் டேங்கில் கசடைக் கரைக்கும் என்று சொல்லி விற்கும் பாக்டீரியா பவுடர், கசடை உறிஞ்சி எடுக்கும் லாரி இரண்டையும் பார்த்துவிட்டு, கடைசியில் சில வருடங்களுக்கு ஒருமுறை லாரி வைத்துக் கசடை எடுத்துவிடுவது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்துவிட்டோம். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம், நான் லாரிக் கட்சி.

பாக்டீரியா பவுடரின் வசதிகள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டாய்லெட்டில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்தது. யாரையும் கூப்பிட வேண்டாம், மூடியைத் திறக்க வேண்டாம், அக்கம்பக்கத்தார் மூக்கைப் பொத்திக்கொள்ளும் சங்கடமும் கிடையாது. லாரி என்றால் இதெல்லாம் உண்டு, ஒரே நேரத்தில் கையை விட்டுப் போகும் பணமும் அதிகம். சரி, அது அவ்வளவுதான்.

பவுடர் டேங்குக்குள் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா மலத்தோடு தினமும் தானாகவே உள்ளே வந்துகொண்டிருக்கிறது, நாம் தனியாக வாங்கிப் போட வேண்டிய அளவுக்கு அங்கே பஞ்சமே இல்லை. அவை மட்கச் செய்யக்கூடியதை மட்கச் செய்கின்றன. மிச்சம் என்று ஒன்று இருக்கிறதே: மண், சாம்பல், முடி, செத்த பாக்டீரியாவின் எச்சம், யாரோ உள்ளே போட்ட நாப்கின். இதை எந்தப் பவுடரும் கரைக்காது. அடியில் படிந்து ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது டேங்க் கூட இல்லை, அதற்கு அடுத்து இருக்கும் உறிஞ்சு குழி. டேங்கின் வேலை கழிவைத் தேக்கி நிறுத்தி, கனமானதை அடியில் படியவிட்டு, எண்ணெயையும் கொழுப்பையும் மேலே ஏடாக மிதக்கவிட்டு, நடுவில் இருக்கும் ஓரளவு தெளிந்த தண்ணீரை மட்டும் குழிக்கு அனுப்புவது. கசடு ஏற ஏற அந்த நடு இடம் சுருங்கும், தண்ணீர் தங்கும் நேரம் குறையும், படிய வேண்டியது படியாமலே வெளியேறும். அது குழியைச் சுற்றியுள்ள மண்ணின் துளைகளை அடைத்துவிட்டால், டேங்கை எத்தனை முறை காலி செய்தாலும் அந்த மண் பழையபடி உறிஞ்சாது. கசடு எடுப்பது ஒரு நாள் வேலை, புதுக் குழி வெட்டுவது அப்படியல்ல, அதற்கு இடமும் வேண்டும். பவுடர் விஷயத்தில் இன்னொரு சந்தேகமும் உண்டு. கசடு திடீரென வேகமாகப் புளித்தால் கிளம்பும் வாயுக் குமிழிகள் அடியில் கிடப்பதைக் கிளறிவிட்டு, அது தண்ணீரோடு குழிக்குப் போகலாம். அதாவது எதைக் காப்பாற்ற நினைக்கிறோமோ அதற்கே வேட்டு.

‘பொங்கினால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பவர்கள் மூன்றாவது கட்சி. செப்டிக் டேங்க் எப்போதுமே வெளியேறும் குழாய் மட்டம் வரை நிரம்பித்தான் இருக்கும், காலி செய்தாலும் சில நாட்களில் மறுபடி அந்த மட்டத்துக்கு வந்துவிடும். ஆகவே ‘நிரம்பிவிட்டதா’ என்பது தப்பான கேள்வி. டாய்லெட்டில் தண்ணீர் இறங்காமல் நிற்கும்போது, வழியில் வேறு அடைப்பு இல்லையென்றால், பெரும்பாலும் குழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும்.

கேட்க வேண்டியது கசடு எவ்வளவு என்பதைத்தான். நீளமான கம்பின் அடியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, அடி தட்டும் வரை இறக்கி, சில நிமிடம் வைத்திருந்து மெதுவாக எடுத்தால், துணியில் எதுவரை கறுப்புத் துகள் ஒட்டியிருக்கிறதோ அதுதான் கசடின் உயரம். தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கினால் லாரிக்குச் சொல்லிவிடலாம். கம்பு இல்லாமல் கணக்குப் போடவும் முடியும். குளியல், சமையலறைத் தண்ணீரும் டேங்குக்கே போகிற வீட்டில் ஆளுக்கு வருடம் சுமார் 40 லிட்டர் கசடு சேரும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஐந்து பேர், 3,000 லிட்டர் டேங்க் என்றால் வருடம் 200 லிட்டர், மூன்றில் ஒரு பங்கு சேர ஐந்து வருடம். பாதி அளவு டேங்க் என்றால் இரண்டரை வருடம். ஆனால் இது தோராயம்தான், கம்பு சொல்வதை நம்புங்கள்.

அளக்கும்போது மூடிக்கு மேல் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம், உள்ளே மீத்தேன் இருக்கும் என்பதால் தீக்குச்சி, சிகரெட் பக்கத்திலேயே கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்கப் போகிறவரும் சேர்ந்து விழுவார்.

லாரியிலும் ஏமாற வாய்ப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கும் தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டு ‘முடிந்தது’ என்று ஹோஸைச் சுருட்டிவிடுவார்கள், கெட்டியான கசடு அப்படியே அடியில் கிடக்கும். கொஞ்சம் தண்ணீரைத் திருப்பி அடித்துக் கலக்கி, மறுபடி உறிஞ்சச் சொல்ல வேண்டும். இரண்டு அறை டேங்க் என்றால் இரண்டு மூடியும் திறக்கப்பட வேண்டும். அப்புறம், வெளியேறும் பக்கத்து டீ பைப் (T வடிவக் குழாய்) உடைந்திருக்கிறதா என்று வெளியே நின்றபடியே டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள், ஏட்டைக் குழிக்குப் போகாமல் தடுப்பது அதுதான். கசடை எங்கே கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள், சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் ஓடையில் கொட்டுகிற லாரியைக் கூப்பிட்டால் நாம் செய்கிற நல்ல காரியம் ஊரார் தலையில் விடியும்.

பவுடரால் நாற்றம் குறைந்தது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன், எனக்கு அப்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். நாற்றம்தான் தொல்லை என்றால் முதலில் வாயுக் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆசிட் ஊற்றிக் ‘கரைக்கிற’ வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், அது கான்கிரீட்டையும் அரிக்கும், இருக்கிற பாக்டீரியாவையும் கொல்லும்.

புதைத்து வைக்கும் பிளாஸ்டிக் டேங்கில் எனக்கு அனுபவம் குறைவு. நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும் மழைக்காலத்தில் அதைக் காலி செய்தால் மண்ணுக்குள்ளிருந்து மிதந்து எழும்பி, இணைப்புக் குழாய்கள் முறியக்கூடும் என்பது உறுதி. அந்த வகை வைத்திருப்பவர்கள் கோடையிலேயே லாரியைக் கூப்பிட்டு, எடுத்த கையோடு தண்ணீர் நிரப்பிவிடுங்கள்.