வீட்டுக் கடன் கட்டுகிறீர்களா? பழைய வரிமுறையா, புதியதா?

வீட்டுக் கடன் இருந்தால் பழைய வரிமுறைதான் லாபம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். 2025-26 நிதியாண்டின் வருமான வரி அடுக்குகளில் கணக்குப் போட்டால் பலருக்கு விடை தலைகீழாக வருகிறது.

குடியிருக்கும் வீட்டுக்குப் பழைய முறையில் வட்டிக்கு ரூ.2 லட்சம், அசலுக்கு வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் ரூ.1.5 லட்சம் வரை கழிவு உண்டு. ஆனால் பி.எஃப்., எல்.ஐ.சி. பிடித்தங்களே 80சி-யைப் பாதி நிரப்பியிருக்கும். புதிய முறையில் இந்த இரண்டுமே கிடையாது, சம்பளக்காரர் எல்லோருக்கும் தரும் ரூ.75,000 நிலைக்கழிவும் (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) குறைந்த விகிதமும்தான்.

சம்பளம் ரூ.15 லட்சம் என்போம். புதிய முறையில் செஸ் (வரி மேல் வரி) சேர்த்து வரி ரூ.97,500. பழைய முறையில் ரூ.50,000 நிலைக்கழிவு, கடனுக்கு முழு ரூ.3.5 லட்சம், மருத்துவக் காப்பீட்டுக்கு ரூ.25,000 எல்லாம் கழித்தும் ரூ.1,40,400. பழையது ஜெயிக்க, நிலைக்கழிவு போக ரூ.5,43,750-க்கு மேல் கழிவு வேண்டும். சொந்த ஊரில் வீடு, வேலை பார்க்கும் ஊரில் வாடகை, அதற்கு வீட்டு வாடகைப் படி என்று இருப்பவர்தான் அந்த எல்லையை எட்டுவார். அடிப்படைச் சம்பளம் ரூ.7 லட்சம், வாடகை மாதம் ரூ.20,000 என்றால் படியில் ரூ.1.7 லட்சம் விலக்கு, மேலே சொன்ன கடன், காப்பீட்டுக் கழிவுகளோடு மொத்தம் ரூ.5.45 லட்சம். பழையது நூலிழையில் ஜெயிக்கும்!

வாடகைக்கு விட்ட வீட்டின் கதை வேறு. வாடகையில் கட்டிய சொத்து வரியையும், மீதியில் 30 சதவீதத்தையும், முழு வட்டியையும் இரு முறையிலும் கழிக்கலாம். அப்போது நஷ்டம் வந்தால், பழைய முறையில் ரூ.2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டி, மிச்சத்தை 8 ஆண்டுகள் கொண்டு செல்லலாம். புதிய முறையில் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது.

பழைய முறைக்குப் போவோர் சறுக்கும் இடங்கள் சில. கணவன் மனைவி ஆளுக்கு ரூ.2 லட்சம் கேட்க, கடனில் மட்டுமல்ல, பத்திரத்திலும் இருவர் பெயரும் வேண்டும். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானம் முடியாவிட்டால் ரூ.2 லட்சம் ரூ.30,000 ஆகிவிடும். சாவி வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் விற்றால், 80சி-யில் கழித்த அசல் முழுவதும் விற்ற ஆண்டின் வருமானமாகத் திரும்பி வரும்.

அலுவலகம் புதிய முறையில் வரி பிடித்திருந்தாலும், சம்பளக்காரர் ரிட்டர்னில் பழையதற்கு மாறலாம். ரிட்டர்ன் கெடு தேதி தாண்டினால் புதியதுதான்.