டேலி பிரைம் கோல்டு: மாற என்ன செலவு, காக்க எவ்வளவு போடலாம்?

மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் டேலி ஈஆர்பி 9-ஐ இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. 2009-இல் வந்த, பில் போட்டுக் கணக்கு எழுதும் மென்பொருள் அது. அதன் இடத்தை எடுத்துக்கொள்ள டேலி பிரைம் 2020 நவம்பரிலேயே வந்துவிட்டது. நன்றாக ஓடுகிற வண்டியை எதற்கு மாற்ற வேண்டும் என்று முதலாளி கேட்பார். நியாயமான கேள்விதான். புதுத் திரை அழகாக இருக்கிறது என்பது அதற்குப் பதிலாகாது. நான்கைந்து கம்ப்யூட்டர் வைத்து பில் போடும் கடைக்கு இந்த மாற்றம் காசுக்குத் தகுமா, அதோடு சேர்த்துப் பாதுகாப்புக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் விலை. ஒரே கம்ப்யூட்டருக்கான சில்வர் 22,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 26,550. ஒரே லேனில் (கடைக்குள் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கில்) எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் செல்லும் கோல்டு 67,500, வரியோடு 79,650. ஏற்கெனவே ஒரிஜினல் ஈஆர்பி 9 வைத்திருப்பவர் புது லைசென்ஸ் வாங்க வேண்டியதே இல்லை. டிஎஸ்எஸ் என்னும் வருடாந்திர அப்டேட் சந்தாவைப் புதுப்பித்தால் அதே சீரியல் எண்ணில் பிரைம் கிடைக்கும். வரியோடு வருடத்துக்கு சில்வருக்கு 5,310, கோல்டுக்கு 15,930. 'பழைய லைசென்ஸ் செல்லாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும்' என்று யாராவது சொன்னால், வேறு டேலி பார்ட்னரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாறுவதில் நிஜமான லாபம் ஜிஎஸ்டி பக்கம்தான். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் இருந்தால் 2023 ஆகஸ்ட் 1 முதல் பி2பி பில்லுக்கு, அதாவது ஜிஎஸ்டி எண் உள்ள இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லுக்கு, அரசு போர்ட்டலில் பதிந்து எடுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயம். பத்துக் கோடியும் அதற்கு மேலும் இருந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் 30 நாளுக்குள் பதிவேற்ற வேண்டும். தவறினால் போர்ட்டல் வாங்காது. பிரைமில் பில்லைச் சேமிக்கும்போதே போர்ட்டல் தரும் பில் பதிவு எண்ணான ஐஆர்என்னும் க்யூஆர் கோடும் வந்து உட்கார்ந்துவிடும். பிரைமின் 3.0 வெர்ஷன் முதல் ஒரே கம்பெனியில் (டேலியில் ஒரு கணக்குத் தொகுப்புக்கு அதுதான் பெயர்) பல ஜிஎஸ்டி பதிவுகளை வைத்துக்கொள்ளலாம்.

அந்த 3.0-இல்தான் டேட்டாவின் அமைப்பும் மாறியது. ஒருமுறை மைக்ரேட் செய்த, அதாவது புது அமைப்புக்கு மாற்றிய கம்பெனியைப் பழைய ஈஆர்பி 9-இல் திறக்க முடியாது. அதனால் மாற்றும் வேலையை ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருக்கும்போது வைத்துக்கொள்வது நல்லது. டேட்டா ஃபோல்டரை முழுசாக வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். பழைய டேலியில் டேட்டாவைச் சீர்செய்யும் ரீரைட் ஓட்டுங்கள். பிறகு டிரையல் பேலன்ஸ், ஸ்டாக் சம்மரி, பில் வாரியாக வரவேண்டிய பாக்கி ஆகிய மூன்றையும் காகிதத்தில் அச்செடுங்கள். பிரைமில் ஆல்ட்-ஒய் அழுத்தி மைக்ரேட் கொடுத்து முடித்தபின் அதே மூன்றையும் எடுத்து ஒப்பிட வேண்டும். பலர் டிரையல் பேலன்ஸ் பொருந்தியதும் எழுந்துவிடுகிறார்கள். பாக்கிப் பட்டியலில் பில் வாரியான விவரம் பிசகியிருந்தால் அங்கே தெரியாது. விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கையில் 'அன்சர்ட்டன் டிரான்ஸாக்‌ஷன்ஸ்' என்று ஒரு வரி நிற்கும். எச்எஸ்என் என்னும் சரக்கு வகை எண் இல்லாத சரக்கு, ஜிஎஸ்டி எண் தவறிய பார்ட்டி எல்லாம் அதில்தான் குவிந்திருக்கும். ரிட்டர்ன் தேதி நெருங்கும் முன் அதைக் காலி செய்துவிட வேண்டும்.

பில் எண் அமைப்பையும் கவனியுங்கள். நடுவில் ஒரு பில்லை அழித்தால் அடுத்த எண்கள் நகர வேண்டுமா, அப்படியே நிற்க வேண்டுமா என்று வவுச்சர் டைப்பில் தேர்வு இருக்கிறது. இ-இன்வாய்ஸ் போடுகிற கடை, எண் நகராத முறையைத்தான் வைக்க வேண்டும். நகர்ந்தால் ஐஆர்என் எடுத்த பில்லின் எண்ணும் கணக்கில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது. அச்சடித்த பாதித்தாளில் டாட் மேட்ரிக்ஸ் பில் எடுப்பவர்களுக்கு இன்னொரு செலவு காத்திருக்கிறது. டிடிஎல் என்னும் டேலியின் நிரல் மொழியில் எழுதிய பழைய பில் வடிவம் பிரைமில் கலைந்து போகலாம், திரும்ப எழுத வேண்டியிருக்கும். எழுதிக் கொடுப்பவரிடம் டேலியில் ஓடும் டிசிபி கோப்போடு, திருத்தக்கூடிய மூல நிரலையும் கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் அவரையே தேடிப் போக வேண்டும்.

இனி பாதுகாப்பு. இங்கேதான் கோல்டின் பெரிய பலவீனம். பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய, டேட்டா ஃபோல்டரை விண்டோஸ் ஷேரிங்கில் எழுதும் உரிமையோடு எல்லாக் கம்ப்யூட்டருக்கும் திறந்துவிட வேண்டும். டேலிக்குள் போடும் பாஸ்வேர்டு டேலிக்குள் மட்டும்தான் காவல். ஃபோல்டரை அப்படியே காப்பி அடிப்பதையோ அழிப்பதையோ அது தடுக்காது. பில் போடும் பையனின் கம்ப்யூட்டரில் போலி கூரியர் மெயில் வழியாக, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால், அது ஷேரிங்கில் தெரியும் கணக்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். டேட்டாவைக் குறியாக்கி வைக்கும் டேலி வால்ட் போட்டிருந்தால் திருடியவனால் படிக்க முடியாது, அவ்வளவுதான். பூட்டுவதை அதுவும் தடுக்காது. வால்ட் பாஸ்வேர்டை மறந்தால் நிறுவனமே வந்தாலும் திறக்க வழியில்லை. ஃபோல்டரை நேரடியாகத் திறந்து வைக்கத் தேவையில்லாத ஏற்பாடு 'டேலி பிரைம் சர்வர்'. ஆனால் அது தனிப் பொருள். அதன் விலை நடுத்தரக் கடைக்குக் கட்டுப்படியாகாது.

சரி, எவ்வளவு செலவழிக்கலாம்? ஒரு பலசரக்கு மொத்தக் கடையை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 200 பில், விற்பனை நான்கு லட்சம், லாபம் மூன்று சதவீதம். உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான் கடைகளில் நிற்கும் கடன் பாக்கி நாற்பது லட்சம். டேட்டா பூட்டப்படுகிறது, கைவசம் இருப்பது பத்து நாள் பழைய பேக்கப். 2,000 பில்லைத் திரும்ப அடிக்க வேண்டும். பில்லுக்கு மூன்று நிமிடம் வைத்தால் 100 மணி நேரம். மாதம் பதினைந்தாயிரம் வாங்குபவரின் கூலியில் சுமார் 7,200 ரூபாய். மூன்று நாள் வியாபாரம் நின்றால் 36,000. 'நான் அதைக் கட்டிவிட்டேனே' என்று பாக்கிக்காரர்கள் சொல்லி இரண்டு சதவீதம் கைவிட்டுப் போனால் 80,000. ஆக மொத்தம் 1,23,200. இப்படி நடக்க வருடத்துக்குப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்தால், எதிர்பார்க்கும் இழப்பு ஆண்டுக்கு 12,320 ரூபாய்.

மேரிலாண்டு பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் கார்டனும் மார்ட்டின் லோபும் 2002-இல் ஒரு கணித மாதிரி வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட வகைகளில், எதிர்பார்க்கும் இழப்பில் சுமார் 37 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்புக்குப் போடுவது லாபமில்லை. நம் கடைக்கு அது வருடம் ஏறத்தாழ 4,550 ரூபாய். நாற்பதாயிரம் ரூபாய் ஃபயர்வால் பெட்டியை விற்க வருபவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். பேக்கப்பே இல்லாத கடைக்கு இது பொருந்தாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். எல்லாம் போனால் இழப்பு பல மடங்கு ஏறும், போடத் தகும் தொகையும் ஏறும்.

இந்த 4,550-க்குள் வருவது எது? ஆறாயிரம் ரூபாய் வீதம் இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். நான்கு வருடம் உழைத்தால் ஆண்டுக்கு 3,000. கடை மூடி எல்லோரும் டேலியை விட்டு வெளியேறியபின் பேக்கப் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். செருகியே கிடக்கும் டிஸ்க்கும் ரான்சம்வேருக்கு இரைதான். வாரம் ஒன்றை மாற்றி, மற்றதை வீட்டில் வையுங்கள். டி டிரைவில் எடுத்து வைப்பதைப் பேக்கப் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. கூகுள் டிரைவ் வைத்திருந்தால் பேக்கப் கோப்பை மட்டும் ஏற்றலாம். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டரை அதோடு இணைத்தால் கோப்புகள் பாதியில் சிக்கிக் கெட்டுப்போகும்.

மீதி பெரும்பாலும் காசில்லாத வேலை. ஆடிட்டர் வெளியிலிருந்து பார்க்கட்டும் என்று ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டிருந்தால் இன்றே மூடுங்கள். ரான்சம்வேர்காரர்கள் ஓயாமல் தட்டிப் பார்க்கும் வாசல் அது. டேலி மற்ற மென்பொருள்களோடு பேசும் 9000 போர்ட்டையும் வெளியே திறக்கக் கூடாது. டேட்டா இருக்கும் கம்ப்யூட்டரில் மெயிலும் வாட்ஸ்அப் வெப்பும் வேண்டாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற முடியாவிட்டால் முதலில் டேட்டா இருக்கும் அந்த ஒரு கம்ப்யூட்டரை விண்டோஸ் 11-க்குக் கொண்டுபோங்கள். டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத பழைய மதர்போர்டு அதற்கு உதவாது.

யார் எப்போது எதைத் திருத்தினார் என்று பதிந்துவைக்கும் எடிட் லாக், கம்பெனிச் சட்டப்படி பதிவான கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். தனிநபர், கூட்டு வியாபாரத்துக்குக் கட்டாயமில்லை என்றாலும் போட்டு வைக்கலாம். ரொக்க பில்லைச் சாயங்காலம் திருத்திப் பணத்தை எடுப்பவரை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் நான்கு பேரும் ஒரே பெயரில் நுழைந்தால், திருத்தியது யார் என்று பார்க்கும் இடத்தில் முதலாளியின் பெயர்தான் நிற்கும்!

மின்சாரம் தனிக் கதை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையாவது அறிவித்து வரும். அறிவிக்காமல் இரண்டு நொடி போய்வரும் கரண்ட்தான் டேட்டாவைக் கெடுக்கிறது. கம்ப்யூட்டருக்கெல்லாம் யுபிஎஸ் போட்டுவிட்டு, சுவரில் தொங்கும் நெட்வொர்க் சுவிட்சை நேர் கரண்டில் விட்டிருப்பார்கள். சுவிட்ச் அணைந்த நொடியில் சேமித்துக்கொண்டிருந்த வவுச்சர் பாதியில் நிற்கும். மறுநாள் 'மெமரி ஆக்சஸ் வயலேஷன்' என்ற பிழைச் செய்தி வரும். பிரைமில் ஆல்ட்-ஒய், ரிப்பேர் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். அதற்கு முன் நகல் எடுக்காமல் ஓட்டாதீர்கள்.

மாதத்துக்கு ஆளுக்குச் சில நூறு ரூபாய் வாடகையில் கிளவுடில் டேலி தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்து பேருக்கு 600 வீதம் வருடம் 36,000. கப்பலூரில் குடோன், ஊருக்குள் கடை என்று இரண்டு இடத்தில் பில் போடுபவருக்கு இது தகும். பாதுகாப்புக்காக மட்டும் என்றால் மேலே போட்ட கணக்குக்குள் அடங்காது. எடுத்தாலும் பேக்கப் கோப்பு உங்கள் கைக்கு வருமா என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

ஆக, ஒரிஜினல் ஈஆர்பி 9 வைத்து இ-இன்வாய்ஸ் போடுபவர் டிஎஸ்எஸ் கட்டி மாறிவிடலாம். இரண்டே கம்ப்யூட்டர், வரம்புக்குக் கீழே விற்பனை என்றால் அவசரமில்லை. அந்தக் காசில் முதலில் டிஸ்க்கும் சுவிட்சுக்கு யுபிஎஸ்ஸும் வாங்கலாம். எப்படியானாலும் மாதம் ஒருமுறை பேக்கப்பைத் திறந்து பாருங்கள். வேறொரு லேப்டாப்பில் டேலி பிரைமை எஜுகேஷனல் மோடில் போட்டால் லைசென்ஸ் கேட்காது. புது ஃபோல்டரில்தான் ரீஸ்டோர் செய்ய வேண்டும். இருக்கும் கம்பெனி மேலேயே கொடுத்தால் அதை அழித்துவிடும். அந்த மோடில் 1, 2, 31 தேதிகளில்தான் வவுச்சர் போட முடியும், அறிக்கை பார்க்க அது போதும். டிரையல் பேலன்ஸும் கடைசி பில் எண்ணும் கடையில் உள்ளதோடு ஒத்துப்போனால் லேப்டாப்பில் அந்த நகலை அழித்துவிடுங்கள்.