செக் கண்ணாடிச் சிற்பங்கள்: வார்த்ததா, இழுத்ததா, வெட்டியதா, அழுத்தியதா?

பழம்பொருள் சந்தையில் நீலமும் ஊதாவும் கலந்த, இதழ் இதழாக விரிந்த கனமான கண்ணாடித் துண்டு ஒன்றைக் கையில் எடுக்கிறீர்கள். விற்பவர் "மூரானோ" என்கிறார்; கண்ணாடிக்குப் பெயர்போன வெனிஸ் தீவு அது. இப்படி விற்கப்படுவதில் கணிசமானவை வெனிஸ் பக்கமே போகாதவை. செக் நாட்டில், ஜெர்மன் எல்லையை ஒட்டிய வட பொஹீமியாவில் ஹ்ரிப்ஸ்கா என்ற சிற்றூரின் உலையிலோ, பொஹீமிய-மொராவிய மேட்டுநிலத்தில் இருக்கும் ஸ்க்ர்ட்லொவிட்ஸேயிலோ பிறந்தவை. இத்தாலியப் பெயர் விலையை ஏற்றுகிறது என்பதற்காக, செய்த கலைஞனின் பெயரும் ஊரும் அழிந்துபோவதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த ஒப்பீட்டை எழுதுவதற்கு அதுவே முதற்காரணம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1970 வரையிலான செக் கண்ணாடியைச் சேகரிக்க விரும்புகிறவர் முதலில் கையெழுத்தைத் தேடுகிறார். அது பெரும்பாலும் இருக்காது. ஆலைகள் அரசுடைமையாக்கப்பட்டன, ஏற்றுமதி லிபெரெட்ஸ் நகரில் இருந்த ஸ்க்லோஎக்ஸ்போர்ட் என்ற அரசு நிறுவனத்தின் வழியாக நடந்தது. பொருளின் மீது வடிவமைத்தவரின் பெயருக்குப் பதிலாக ஒரு காகித அல்லது தகட்டு ஒட்டுச்சீட்டுதான் இருந்தது. கழுவினால் அது போய்விடும். வேறொரு பொருளில் இருந்து உரித்து இதில் ஒட்டவும் முடியும். "செக்கோஸ்லோவாக்கியாவில் தயாரிக்கப்பட்டது" என்ற சீட்டு உண்மையானதாகவே இருந்தாலும், அந்த நாடு 1992 முடியும்வரை இருந்தது. எனவே 1960-களின் பொருள் என்பதற்கு அது சான்றாகாது. பெயரைவிட நம்பத்தக்கது செய்முறை. கண்ணாடி எப்படி உருவம் பெற்றது என்பதைக் கண் கண்டுகொண்டால், யாருடையது என்பதில் பாதி விடை கிடைத்துவிடும்.

செய்முறை வழிகள் நான்கு. அவற்றில் எனக்கு ஒருதலைப்பட்சமான விருப்பம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

உலை அச்சில் உருக்கி வார்த்தது

இந்த வழியின் உச்சம் ஸ்டனிஸ்லாவ் லிபென்ஸ்கியும் யாரோஸ்லாவா பிரிக்டோவாவும். ஷெலெஸ்னி பிரோட் என்ற சிறு நகரம் இவர்களுடைய களம். பிரிக்டோவாவின் தந்தை யாரோஸ்லாவ் பிரிக்டா அங்கே 1920-இல் தொடங்கிய கண்ணாடிப் பள்ளியின் ஆசிரியர்; விளக்குச் சுடரில் சின்னஞ்சிறு பொம்மைகள் செய்து புகழ்பெற்றவர். மகள் போனது நேர் எதிர்த்திசையில், எடையை நோக்கி. 1950-களின் நடுவில் லிபென்ஸ்கி வரைந்த ஒரு தலை வடிவக் கிண்ணத்தை அவர் சிற்பமாக்கினார். ஓவியர் வரைய, சிற்பி வடிக்க, அந்தக் கூட்டு லிபென்ஸ்கி 2002-இல் மறையும்வரை நீடித்தது.

முதலில் களிமண்ணில் மாதிரி. அதில் இருந்து அச்சு. அச்சில் கண்ணாடித் துண்டுகளை இட்டு உலையில் வைத்தால் அவை உருகி உள்வடிவத்தை நிரப்பும். அதற்குப் பிறகுதான் கடினமான கட்டம்: ஆறவைப்பது. கனமான துண்டை அவசரப்பட்டு வெளியே எடுத்தால் உள்ளிறுக்கம் அதைப் பிளந்துவிடும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சூட்டைக் குறைக்க வேண்டும். இப்படிப் பிறந்த சிற்பத்தில் நிறம் ஒன்றுதான், ஆனால் தடிமன் மாறுவதால் நிறத்தின் ஆழம் மாறுகிறது. மெல்லிய இடத்தில் ஒளி கசிகிறது, கனத்த இடத்தில் இருள்கிறது. பின்புறத்தில் குழிவாகச் செதுக்கிய முகம் முன்னால் இருந்து பார்க்கையில் புடைத்து நிற்பதாகத் தோன்றும். ஒளிபுகாத எந்தக் கல்லிலும் உலோகத்திலும் இதைச் செய்ய முடியாது.

1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்காக இருவரும் செய்த "விலங்குருவக் கற்கள்" குகை ஓவியங்களை நினைவூட்டும் கண்ணாடிப் பாறைகள்; கான்கிரீட் சுவரில் பதிக்கப்பட்டவை. 1970 ஒசாகா கண்காட்சிக்குச் செய்த "வாழ்வின் நதி" என்ற பெரும்படைப்பில் படைவீரர்களின் காலணித் தடங்களைப் பதித்தார்கள். சோவியத் படைகள் பிராக் நகருக்குள் நுழைந்து அப்போது இரண்டே ஆண்டுகள். அதிகாரிகள் அந்தத் தடங்களை நீக்கவைத்தார்கள். அலங்காரப் பொருள், வீட்டுப் பொருள் என்று கருதப்பட்டதாலேயே கண்ணாடி அதுவரை ஓவியத்தின் மீது விழுந்த அளவுக்குத் தணிக்கையின் கண்ணில் படவில்லை; அரூபக் கலை அந்த இடைவெளியில்தான் மூச்சுவிட்டது.

வாங்கலாமா? இவர்களுடைய பெரிய படைப்புகள் அருங்காட்சியகங்களுக்கும் பெரும் செல்வந்தர்களுக்கும் உரியவை. சிறிய துண்டு கிடைத்தாலும் எச்சரிக்கை தேவை: ஒரு வடிவத்தை வடிவமைத்த ஆண்டும், அந்தக் குறிப்பிட்ட துண்டை வார்த்த ஆண்டும் பல பத்தாண்டுகள் தள்ளி இருக்கலாம். இரண்டு தேதிகளையும் எழுத்தில் தராத விற்பனையாளரிடம் பணம் கொடுக்காதீர்கள். பணம் குறைவென்றால் பிராக் அலங்காரக் கலை அருங்காட்சியகத்திலோ, அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்திலோ நேரில் பார்ப்பதே நிறைவு.

உலைவாயில் ஊதி, இழுத்து, வளைத்தது

என் மனம் சாயும் பக்கம் இதுதான். அச்சு இல்லை. குழலின் நுனியில் தேன்போல் தொங்கும் சூட்டுக் கண்ணாடியை இடுக்கியால் கிள்ளி, ஈரமரக் கட்டையால் தட்டி, சில நிமிடங்களுக்குள் முடித்துவிட வேண்டும். தயங்கினால் கண்ணாடி இறுகிவிடும். அந்தக் கையின் உறுதியோ தடுமாற்றமோ அப்படியே உறைந்து நமக்குக் கிடைக்கிறது.

ஸ்க்ர்ட்லொவிட்ஸே ஆலையை எமானுவேல் பெரானெக் 1940-களின் தொடக்கத்தில் நிறுவினார். அதன் கண்ணாடி தடித்தது, முரட்டுத்தனம் கொண்டது. பிற ஆலைகள் குறை என்று ஒதுக்கும் காற்றுக்குமிழை இங்கே அணியாக வேண்டுமென்றே புகுத்தினார்கள். அந்த ஆலையின் திமிங்கில வடிவ ஜாடியைக் கையில் வாங்கினால், ஜாடியா சிற்பமா என்ற கேள்வியே எழாது. 1967 முதல் 1977 வரை ஃபிரான்டிஷெக் விஸ்னர் அங்கே வடிவமைப்பாளராக இருந்தார். பின்னாளில் தனிப்பட்டறையில் அவர் கண்ணாடிக் கட்டியை வெட்டி, மணலடித்துச் செய்த மங்கலான பாத்திரங்கள் வேறோர் உலகம், வேறொரு விலை.

ஷெலெஸ்னி பிரோட் ஆலைக்கு மிலோஸ்லாவ் கிளிங்கர் வடிவமைத்த பறவைகளும் மீன்களும் இதற்கு நேர்மாறு. ஸ்க்ர்ட்லொவிட்ஸே கனத்தால் பேசுகிறது. கிளிங்கர் கோட்டால் பேசுகிறார். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதே ஆலையில் பல கைகள் பல ஆண்டுகளாகச் சிறு விலங்குகளைச் செய்து ஏற்றுமதி செய்தன. அந்த ஆலையின் சீட்டு ஒட்டிய பறவைகளெல்லாம் கிளிங்கருடையவை ஆகிவிடா. அச்சிட்ட பழைய விற்பனைப் பட்டியலில் அந்த வடிவம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவர் பெயரைச் சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன நீல-ஊதா இதழ்கள் பெரும்பாலும் ஹ்ரிப்ஸ்கா ஆலையில் யோசெஃப் ஹொஸ்போட்கா வடிவமைத்தவையாக இருக்கும். 1414 முதல் கண்ணாடி உருக்கிய ஊர் அது. 2007-இல் உலை அணைந்தது. மூரானோவில் இருந்து இவற்றைப் பிரித்தறிய நிறத்தை நம்பாதீர்கள். அடுக்கு நிறங்களை இரு நாட்டாரும் செய்தார்கள். இதழ் எங்கே தொடங்கி எப்படி மடிகிறது, எத்தனை மடல், அடிப்பகுதி எப்படித் தேய்க்கப்பட்டிருக்கிறது என்று உறுதிசெய்யப்பட்ட ஒரு துண்டோடு வைத்துப் பாருங்கள். புற ஊதா விளக்கடியில் பளிச்சென்ற பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியம் கலந்ததாக இருக்கலாம். வெயிலில் இளம் ஊதாவாகவும் குழல் விளக்கில் நீலமாகவும் மாறினால் நியோடிமியம் கலந்தது. இரண்டும் சுவையான தகவல்கள்; இரண்டுமே செக் என்பதற்குச் சான்று அல்ல.

அடுக்கிப் பட்டை வெட்டியது

நோவி போர் நகரின் எக்ஸ்போர் பட்டறை இந்த வழிக்குப் போதுமான எடுத்துக்காட்டு. ஸ்டனிஸ்லாவ் ஹொன்சீக், யோசெஃப் ரோஸீனெக் ஆகியோருடைய மீன்கள்: உள்ளே நிறம், வெளியே தடித்த தெளிவான கண்ணாடி, துடுப்பும் வாலும் சக்கரத்தில் வெட்டி மெருகேற்றப்பட்டவை. பல துண்டுகளில் பட்டறையின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால் அடையாளம் காண்பது எளிது. எனக்கு இவற்றில் மதிப்பு உண்டு, காதல் இல்லை. மினுமினுப்பு மீனை விழுங்கிவிடுகிறது.

அழுத்து அச்சில் செய்தது

உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் ஊற்றி உலக்கையால் அழுத்துவது. ருடோல்ஃப் யூர்னிக்கல், அடோல்ஃப் மட்டூரா, இளம் விஸ்னர் போன்றவர்கள் இதற்கு வடிவம் தந்தார்கள். தனிச்சிற்பம் என்பதைவிடச் சிற்பத்தன்மை கொண்ட ஜாடிகள் என்பதே சரி. இணைப்புக் கோடு தெரியும். ஒரே வடிவம் பல நிறங்களில் வரும். எல்லாவற்றையும் "ஸ்க்லோ யூனியன்" என்று அழைக்கும் வழக்கம் தவறானது. அந்த அரசு நிறுவனம் 1965-இல்தான் உருவானது, நல்ல வடிவங்கள் பல அதற்கு முன்பே பிறந்துவிட்டன. விலை குறைவு, எண்ணிக்கை மிகுதி. புதியவர் கண்ணைப் பழக்கிக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி இல்லை. ஒரு வடிவம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சில் வந்திருக்கலாம் என்பதால் "முதல் பதிப்பு" என்று கூடுதல் விலை கேட்டால் மட்டும் விலகிவிடுங்கள்.

ஆக, கையில் இருப்பது ஓரளவு பணமும் ஓர் அலமாரித் தட்டும் என்றால் எதை எடுப்பது? பத்து அழுத்து ஜாடிகளுக்குப் பதில் ஒரு நல்ல உலைவாய்ச் சிற்பம் என்பது என் தீர்ப்பு. ஐயத்துக்கிடமான வார்ப்புத் துண்டு ஒன்றுக்கு எதிராக வைத்தாலும் இதே தீர்ப்புதான். கிளிங்கரின் பறவையா, ஸ்க்ர்ட்லொவிட்ஸேயின் திமிங்கிலமா என்று வந்தால் பழுதுதான் முடிவுசெய்யும். பறவையின் அலகும் இறகு நுனியும் எளிதில் ஒடிபவை. ஒடிந்ததைத் தேய்த்து மழுக்கி விற்பார்கள். உலைவாயில் இழுத்த நுனி உருண்டு, மெல்ல ஓய்ந்து முடிந்திருக்கும். தேய்த்த நுனி தட்டையாக இருக்கும். நகத்தால் வருடினால் விளிம்பு தட்டுப்படும். இரு இறக்கைகளின் நீளத்தையும் நூல் வைத்து அளந்து பாருங்கள். திமிங்கிலத்தில் பார்க்க வேண்டியது உட்புறம்: தண்ணீர் தேங்கிய வெண்படலம் கண்ணாடியையே அரித்திருந்தால் எந்தப் புளியும் அதைப் போக்காது. உலர்ந்திருக்கும்போது பாருங்கள், விற்பவர் அதை ஈரமாகவோ எண்ணெய் தடவியோ காட்டினால், துடைக்கச் சொல்லி, காய்ந்த பிறகு மறுபடி பாருங்கள்.