அடைக்கோழியா, இன்குபேட்டரா? 21 நாளை விட்டுவிட்டு அதற்கு அப்புறம் பாருங்கள்

நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இப்போது பேச்சு இதுதான்: அடை உட்கார்ந்த கோழிக்கே முட்டை வைத்து விடலாமா, இல்லை சில ஆயிரம் போட்டு ஒரு சின்ன இன்குபேட்டர், அதாவது முட்டை பொரிக்கிற பெட்டி, வாங்கிப் போடலாமா? பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் தாண்டி அந்தப் பக்கம் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் தோப்புக்குத் தோப்பு ஆளுக்கொரு கட்சி. பெட்டிக்காரர்கள் பொரிப்பு சதவீதம் பேசுவார்கள், கோழிக்காரர்கள் செலவே இல்லை என்பார்கள். ரெண்டு பேரும் முட்டையைப் பற்றியே பேசுகிறார்கள். முட்டையை 21 நாள் சூட்டில் வைக்கிற வேலையை ரெண்டும் செய்யும். அதற்கு அப்புறம் ஆறு வாரம் குஞ்சை யார் மேய்க்கிறது என்பதில்தான் லாப நஷ்டமே இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் பெட்டி. மின்விசிறி வைத்த பெட்டி என்றால் 37.5 டிகிரி, விசிறி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 பக்கம். முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம், கடைசி மூன்று நாள் 65க்கு மேல். 18ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதத்தில் அடிக்கிற வறண்ட காற்றில் தட்டுத் தண்ணீர் எப்போது வற்றும் என்றே தெரியாது. ஈரம் குறைந்தால் உள்ளே இருக்கிற சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், ஓட்டில் ஓட்டை போட்ட குஞ்சு அப்படியே நின்று செத்துப்போகும். ஆனி, ஆடிச் சாரலில் நேர் எதிர்: ஈரம் கூடி முட்டைக்குள் தண்ணீர் போதுமான அளவு குறையாமல், குஞ்சு மூச்சுக்கு வழியில்லாமல் போகும். ஒரே பெட்டி, ஒரே அமைப்பு, சில மாத இடைவெளியில் ரெண்டு விதமாகக் கெடும். கரண்ட் போவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் ரெண்டு மணி நேரம் ஆறினால் ஒரு கம்பளியைப் போட்டு மூடிச் சமாளித்துவிடலாம். தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டு சூடு 40ஐத் தாண்டுவதுதான் கருவைக் கொல்லும். தெர்மோகோல் பெட்டியில் பல்பும் சின்ன தெர்மோஸ்டாட்டும் வைத்து நாமே செய்கிற பெட்டிக்கு இது இன்னும் பொருந்தும். உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள், திரையில் தெரிகிற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

கோழிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, தேவையுமில்லை. வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து வெறும் தோல் முட்டையில் படுகிறது, அலகால் அதுவே முட்டையை உருட்டிப் புரட்டுகிறது, ஓரத்து முட்டையை நடுவுக்குத் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்து வரும்: முதலில் ஒரே குவியலாக, மூக்கைப் பொத்துகிற நாற்றத்தோடு ஒரு எச்சம், அப்புறம் தண்ணீர், அப்புறம் அவசர அவசரமாக நாலு கொத்து, மண்ணில் ஒரு புரளல். கால் மணி, இருபது நிமிடத்தில் திரும்பக் கூட்டுக்குள். அது எழுந்து வருகிற நேரத்தில் கம்போ சோளமோ, தண்ணீரோடு பக்கத்தில் இருந்தால் போதும். எழுந்தே வராத கோழி என்றால் நாமே தூக்கி வெளியே விட வேண்டியதுதான், இல்லாவிட்டால் எலும்பும் தோலுமாகிவிடும்.

கோழியில் கோழி வித்தியாசம் உண்டு. சின்ன உடம்பு நாட்டுக்கோழியான சிறுவிடை அடைக்கென்றே பிறந்தது, 10 முதல் 12 முட்டை வரை நன்றாக மூடிக்கொள்ளும், நடையும் மெதுவு. பெருவிடை உடம்பு பெருத்தது, கால் பட்டு முட்டை உடையும். பெருவிடை முட்டையைச் சிறுவிடைக்கு வைத்துப் பொரிக்கிற பழக்கம் நம் பக்கம் சும்மா வரவில்லை. கேரளப் பக்கம் வீடுகளில் வளர்க்கிற கிராமப்பிரியா, கிராமலட்சுமி மாதிரி முட்டைக்கென்று உருவாக்கிய கோழிகளிடம் அடையை எதிர்பார்க்காதீர்கள். அது மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்றால் விவாதமே முடிந்தது, பெட்டிதான்.

எங்கே உட்கார வைப்பது என்பதிலும் ரெண்டு கட்சி. மற்ற கோழிகளோடு கூண்டிலேயே விட்டால், இவள் எழுந்து போன நேரம் பார்த்து இன்னொருத்தி வந்து புது முட்டை போட்டு விடுவாள், பத்து நாள் வித்தியாசத்தில் ரெண்டு வகை முட்டை ஒரே கூட்டில் கிடக்கும். தனியாக மாற்றுவதே நல்லது, ஆனால் பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும்; இருட்டின பிறகு தூக்கி, ரெண்டு கூமுட்டையை அடியில் வைத்துப் பார்த்து, மறுநாளும் அசையாமல் உட்கார்ந்திருந்தால்தான் நல்ல முட்டையை மாற்றி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வையுங்கள், கரித்துண்டால் ஒரு கோடு போட்டு விடுங்கள். கோடு இல்லாத முட்டை தென்பட்டால் எடுத்து ஆம்லெட் போடலாம்.

கூடையில் வைக்கோலா, சட்டியில் மணலா என்றால் நான் காலத்தைப் பார்ப்பேன். மழைக்காலத்துக்கு வைக்கோல் போட்ட மூங்கில் கூடை; பங்குனி வெயிலில் அகலமான மண்சட்டியில் மணல் பரப்பி மேலே கொஞ்சம் வைக்கோல், அடியில் குளுமை நிற்கும். ரெண்டிலுமே வேப்பிலையைப் போட்டு வைப்பது நல்லது, ஏனென்றால் அடைக்கோழி பாதியில் எழுந்து ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் செல்லுதான், கோழி மேல் ஊறுகிற சின்னப் பூச்சி. அப்புறம் அந்த இரும்புத் துண்டு, கரி, வரமிளகாய் சமாச்சாரம். இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று கூட்டுக்குள் போடுவது. அதனால் பொரிப்பு கூடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டில் பெரியவர்கள் போட்டால் எடுக்கவும் மாட்டேன்.

முட்டை விஷயத்தில் ரெண்டு பக்கமும் ஒரே விதி. ஒரு வாரத்துக்கு உட்பட்ட, நடுத்தர அளவு, கழுவாத முட்டை. சித்திரை வெயிலில் அறைச் சூடே கருவைப் பாதி கிளப்பிவிட்டுக் கெடுத்துவிடும், அதனால் அந்த மாதங்களில் நாலைந்து நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் உயிருள்ளதில் சிலந்திக்கால் மாதிரி ரத்த நாளம் தெரியும், வெறுமனே மஞ்சளாக ஒளிர்ந்தால் கூமுட்டை, எடுத்து வீசுங்கள்.

இப்போது குஞ்சு. பெட்டியில் பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி வேண்டும், வாரத்துக்கு ரெண்டு மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், அதாவது ராத்திரி பகல் பல்பு. அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்ட வேண்டும். தரையில் பரப்பின நார்த்தூள் நனைந்தால் மாற்ற வேண்டும், சாரல் நாளில் ஒரு வாரம் அசந்தால் ரத்தக் கழிச்சல் வந்துவிடும். இத்தனையும் செய்து ஒன்றரை மாதம் கழித்துத் தோப்பில் திறந்துவிட்டால், அதுகளுக்குப் பருந்தும் தெரியாது, கீரியும் தெரியாது. எங்கள் தோப்புக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தடவை கேட்டது சரியான கேள்வி: “ஏனுங்க, அந்தப் பொட்டி பொரிச்சுக் குடுக்கும், பருந்து வந்தா கூப்புடுமுங்களா?”

தாய்க்கோழி கூப்பிடும். வானத்தில் நிழல் தெரிந்த உடனே ஒரு சத்தம், குஞ்செல்லாம் செடிக்குள். கரையானைக் கிளறிக் காட்டுவதும் அதுதான், மழை விழுந்தால் இறக்கைக்குள் இழுத்துக்கொள்வதும் அதுதான். பல்புச் செலவு இல்லை, தீவனமும் குறைவாகத்தான் ஆகும். இதில் பெட்டி பக்கமே வர முடியாது.

ஆனால் கோழிக்காரர்கள் மறைக்கிற கணக்கு ஒன்று உண்டு. அடை 21 நாள், அப்புறம் குஞ்சோடு ரெண்டு மூன்று மாதம், இதெல்லாம் முட்டை இல்லாத காலம். ஒரு ஈடு, அதாவது கோழி ஒரு சுற்றில் இடுகிற 12, 15 முட்டை, போனது. இரண்டு வாரத்திலேயே குஞ்சைப் பிரித்துக் கொடாப்பில், அதாவது கூடைக் கூண்டில், போட்டு வளர்த்தால் தாய் சீக்கிரம் முட்டைக்கு வரும் என்பது உண்மை, ஆனால் அப்போது பல்பு வேலை திரும்ப உங்கள் தலையில். எனக்கென்னவோ ஒன்றிரண்டு சிறுவிடையை அடைக்கென்றே ஒதுக்கிவிட்டு மற்றதை முட்டைக்கு விடுவதுதான் தோதாகப் படுகிறது.

ரெண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள்தான் கெட்டிக்காரர்கள். கோழிக்கு அடை வைக்கிற அன்றே பெட்டியிலும் வைத்துவிட வேண்டும். ரெண்டும் ஒரே நாளில் பொரிக்கும். அன்றைக்கு ராத்திரியே பெட்டிக் குஞ்சைக் கொண்டுபோய்த் தாயின் அடியில் நுழைத்துவிட்டால் காலையில் எல்லாம் அவள் பிள்ளைதான். ரெண்டு மூன்று நாள் தாண்டிக் கொடுத்தால் கொத்தும், நிறம் ரொம்ப வித்தியாசமாக இருந்தாலும் சில கோழி கொத்தும், அதனால் மறுநாள் விடியலில் பக்கத்தில் நின்று பாருங்கள். மழைக்காலத்தில் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், இறக்கைக்குள் அடங்காத குஞ்சு ராத்திரிக் குளிரில் போய்விடும்.

நூறு இருநூறு என்று விற்பனைக்குச் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது, அவர்களுக்குப் பெட்டியும், குஞ்சுக்குச் சூடு கொடுக்கிற புரூடரும் மட்டுமே வழி. தாயோடு திரிகிற குஞ்சுக்குத் தடுப்பூசி வேண்டாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு, வெள்ளைக் கழிச்சலுக்கு (ராணிக்கெட் நோய்) வேறு வழியில்லை. பெரும்பாலும் நூறு டோஸ் குப்பியாகத்தான் கிடைக்கும், கலக்கினால் ரெண்டு மணி நேரத்தில் போட்டுவிட வேண்டும், ஆகவே பக்கத்துத் தோப்புக்காரர்களோடு சேர்ந்து ஒரே வாரத்தில் அடை வைத்தால் ஒரு குப்பி எல்லோருக்கும் ஆகும். இன்னொன்று, 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயத்தில் பறவைக் காய்ச்சல் வந்த மாதிரி நாட்களில் சோதனைச்சாவடியில் கெடுபிடி வந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குஞ்சு வாங்கிப் பழகியவர்களுக்குச் சொந்தத்தில் ஒரு அடைக்கோழி இருந்தால் அப்போது கை கொடுக்கும்.

குஞ்சே வேண்டாம், அடை தெளிந்தால் போதும் என்றால் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு குத்துவதும் வேண்டாம். அடிப்பக்கம் கம்பிவலை போட்ட கூண்டில், வைக்கோல் எதுவும் இல்லாமல், வெளிச்சத்தில், தீனி தண்ணீரோடு விடுங்கள். வயிற்றுக்கு அடியில் காற்று போனால் மூன்று நாலு நாளில் பெரும்பாலும் தெளிந்துவிடும், நாள்பட்ட அடை என்றால் ஒரு வாரம் ஆகும்.