நியூட்ரோபிலா, மேக்ரோபேஜா: கிருமியை விழுங்குவதில் யார் கெட்டி?

கிருமியை விழுங்கும் செல் என்றதும் பலருக்கு மேக்ரோபேஜ்தான் ஞாபகம் வரும், ஆனால் காயம் பட்ட இடத்துக்கு ரத்தத்திலிருந்து முதலில் கூட்டமாக ஓடி வருவது நியூட்ரோபில். பெரியவர்களின் வெள்ளையணுக்களில் சுமார் 50 முதல் 70 சதவீதம் இதுதான்.

விழுங்கும் முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே: செல்சவ்வு கிருமியைச் சுற்றி வளைத்து ஒரு பைக்குள் அடைக்கும், அப்புறம் நொதிகள் அதற்குள் கொட்டப்படும். கிருமி மேல் ஆன்டிபாடி (உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம்) ஒட்டியிருந்தால் பிடிப்பது இன்னும் சுலபம்.

கொல்வதில் நியூட்ரோபில் முரடு. ஆக்சிஜனிலிருந்து சூப்பர்ஆக்சைடு, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு, கடைசியில் ஹைப்போகுளோரஸ் அமிலம் வரை தயாரித்துவிடும் (பிளீச்சிங் திரவத்தில் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான்). போதாததற்கு, சில சமயம் தன் டிஎன்ஏவையே வலையாக வெளியே வீசும். இது விவரிக்கப்பட்டதே 2004ல்தான். ஆனால் ஆயுள் குறைவு. சீழில் பெரும்பகுதி செத்துப்போன நியூட்ரோபில்கள்.

மேக்ரோபேஜ் நிதானம். திசுக்களில் மாதக்கணக்கில் குடியிருக்கும், செத்த நியூட்ரோபில்களையும் அதுவே தின்று இடத்தைச் சுத்தம் செய்யும், தின்ற கிருமியின் துண்டுகளை, குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு தாக்குதலை நடத்தும் வெள்ளையணுக்களான டி செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும். வேகம்தான் முக்கியம் என்றால் நியூட்ரோபில், சரி. இந்தக் காட்டிக்கொடுக்கும் வேலைக்காகவே என் ஓட்டு மேக்ரோபேஜுக்கு. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: காசநோய்க் கிருமி, நொதிகள் நிறைந்த லைசோசோம் தன்னை அடைத்த பையோடு வந்து இணையவிடாமல் தடுத்து, விழுங்கிய மேக்ரோபேஜுக்குள்ளேயே பிழைத்துப் பெருகும்.